தாய்க்குக் கீழுதட்டில் இரண்டு குழி, குழந்தைக்கு அண்ணப் பிளவு: வான் டெர் வூட் தானா?

ஊரக_செவிலியர்:
வணக்கம். பிறந்து 9 நாளான பெண் குழந்தை. உதடு சரியாக இருக்கிறது, மேலண்ணத்தில் மட்டும் பிளவு. தாயின் கீழுதட்டில் நடுவுக்கு இரு பக்கமும் ஊசித்துளை போல இரண்டு குழி, எச்சில் கசிகிறது. தாய்மாமனுக்கு மேலுதட்டில் பிளவுத் தையல் தழும்பு. மூன்றும் ஒரே கோளாறா? அடுத்த பிள்ளைக்கும் வருமா? மாமியார் கிரகணத்தைச் சொல்லித் திட்டுகிறார். பிறந்தபோது 2.8 கிலோ இருந்த குழந்தை இப்போது 2.6. முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்தும் பசி அடங்கவில்லை. தாயின் குழிகளை எடுத்துவிடலாமா?

மரபணு_ஆலோசனை:
நீங்கள் சொல்வது அப்படியே வான் டெர் வூட் நோய்க்கூறு, அதாவது கீழுதட்டுக் குழியும் உதட்டு, அண்ணப் பிளவும் குடும்பத்தில் வழிவழியாக வரும் பிறவிக் கோளாறு. சாதாரணப் பிளவுகளில் ஒரு குடும்பத்தில் உதட்டுப் பிளவு வந்தால் அதே வகைதான் திரும்ப வரும். ஒருவருக்கு உதடு, இன்னொருவருக்கு அண்ணம் மட்டும், மற்றவருக்கு வெறும் குழி என்று கலந்து வந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெரும்பாலும் முதல் குரோமோசோமில் உள்ள ஐஆர்எஃப்6 மரபணுவில் பழுது, 2002-ல் கண்டுபிடித்தார்கள். சில குடும்பங்களில் ஜிஆர்எச்எல்3 என்ற வேறொரு மரபணு. ஆகவே ஐஆர்எஃப்6 சோதனை சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அடுத்த கர்ப்பத்திலும் பழுது கடக்கும் வாய்ப்பு 50 சதவீதம், ஆணோ பெண்ணோ. எவ்வளவு கடுமையாக வெளிப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் உதட்டுப் பிளவு தெரியலாம். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும்.

கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் இதை விளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கிரகணத்தின் மேலிருந்த பழி நேரே அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டின் மேல் திரும்பும். கணவரையும் மாமியாரையும் சேர்த்து உட்காரவைத்து, அப்பாவிடமிருந்தும் இதே கணக்கில்தான் கடக்கும், யார் தவறும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தையின் முழங்கால் பின்பக்கத்தையும் பாருங்கள். தோல் சவ்வு போல இழுத்திருந்தால் அது இதே மரபணுவின் இன்னொரு வடிவம். அந்தச் சவ்வுக்குள் காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு ஓடக்கூடும். விவரம் தெரியாத கை அதை வெட்டக் கூடாது.

பிளவுப்_பராமரிப்பு:
அவசரம் எடைதான். அண்ணம் திறந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தம் உருவாகாது. குழந்தை உழைத்துக் களைக்கும், பால் இறங்காது. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அமுக்கினால் பால் வரும் மெத்தென்ற பாட்டிலில். கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளுக்கு 390 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 50 மில்லிக்குச் சற்றுக் குறைவு. தலை நிமிர்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடித்து, கன்னத்தின் உட்பக்கமாக ஊற்றி, விழுங்கிய பிறகே அடுத்த வாய். காற்றை அதிகம் விழுங்கும் என்பதால் நடுவில் இரண்டு மூன்று முறை ஏப்பம் எடுக்க வையுங்கள். ஒரு வேளை 30 நிமிடத்தைத் தாண்டினால் குடித்ததைவிடச் செலவழித்த சக்தி அதிகமாகிவிடும்.

மூக்கில் பால் வந்தால் பதற வேண்டாம். நிறுத்தி, முன்னால் சாய்த்து, துடைத்துவிட்டுத் தொடரலாம். உதடு நீலமானாலோ, வேளைதோறும் புரையேறினாலோ உடனே மருத்துவமனை. பீய்ச்சுவதை இரவிலும் விடக் கூடாது, விட்டால் சுரப்பு வற்றிவிடும். நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அண்ண அறுவை பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள். அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே-யில் இது உண்டு, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜம், செவிச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாடை_அறுவை:
குழிகள் தொல்லை தராவிட்டால் அப்படியே விடலாம். ஓயாத கசிவு, சீழ், தோற்றம் இவற்றுக்காக எடுப்பதுண்டு. வெளியே புள்ளி போலத் தெரிந்தாலும் உள்ளே உமிழ்நீர்ச் சுரப்பி வரை குழாய் போகும். சாயம் செலுத்தியோ ஆய்வுக்கம்பி விட்டோ பாதையைப் பார்த்து முழுசாக எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் சளிக்கட்டி வரும். தசையை அளவுக்கு மீறி வெட்டினால் உதடு தொங்கும்.

ஊரக_செவிலியர்:
நன்றி. தாயின் பேச்சும் கொஞ்சம் மூக்கால் வருகிறது.

தாடை_அறுவை:
டார்ச் அடித்து உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, அண்ணத்தின் நடுவில் நீலம் பாய்ந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கையுறை போட்டு, வன்அண்ணத்தின் (அண்ணத்தின் முன்பக்க எலும்புப் பகுதி) பின்விளிம்பில் பள்ளம் தட்டுகிறதா என்று தடவுங்கள். இருந்தால் சளிச்சவ்வுக்கு அடியில் மறைந்த பிளவு. இந்தக் குடும்பத்தில் யாருக்காவது அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) எடுக்க வேண்டிவந்தால் இதை முதலில் பார்த்தாக வேண்டும். மறைந்த பிளவு உள்ளவருக்கு அடினாய்டை எடுத்தால் மூக்கொலி மோசமாகிவிடும்.