வேல்சு மொழியின் மெய்ம்மாற்றம்: 'மொழிமுதல் திரிபு' என்னும் முன்மொழிவு

அன்புடையீர்,

பிரித்தானியாவின் வேல்சு (Welsh) மொழியில் சொல்லின் முதல் மெய் மாறுவதை (mutation) 'சடுதி மாற்றம்' என்று குறிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அச்சொல் உயிரியலில் எதிர்பாராது நிகழ்வதைச் சுட்டுவது. வேல்சின் மாற்றமோ முழுக்க விதிக்கு உட்பட்டது.

'புணர்ச்சி' என்பதும் முற்றிலும் பொருந்தாது. புணர்ச்சியில் பெரும்பாலும் நிலைமொழியின் ஈற்றைப் பார்த்தே வருமொழியின் மாற்றத்தைச் சொல்லிவிடலாம். வேல்சில் தாய்க்கு 'மம்' என்று பெயர். 'இ வம்' என்றால் அவன் தாய், 'இ மம்' என்றால் அவள் தாய். இரண்டிலும் 'இ' எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றே. பாலை உணர்த்துவது அடுத்த சொல்லின் முதலெழுத்துத்தான். தொல்பழங்காலத்தில் ஆண்பாற் சொல் உயிரிலும் பெண்பாற் சொல் சகர (s) ஒலியிலும் முடிந்ததால், அன்று அது உண்மையான புணர்ச்சியாகவே இருந்தது; ஈறுகள் தேய்ந்து மறைந்தபின் திரிபு மட்டும் இலக்கணக் குறியாக எஞ்சி நிற்கிறது. ஆகவே, 'மொழிமுதல்' என்ற நம் பழைய வழக்கைக் கொண்டு 'மொழிமுதல் திரிபு' எனலாம் என்பது என் முன்மொழிவு.

இத்திரிபின் மூன்று உட்பிரிவுகளுக்குப் பெயரிடுவதில்தான் சிக்கல் மிகுதி. வேல்சு இலக்கணத்தார் 'மென்மையானது' என்று பெயரிட்ட வகையை 'மென்திரிபு' என்று ஆக்கினால், நம் வாசகர் உடனே மெல்லினத்தைத்தான் நினைப்பார். நம் யாப்பு மரபிலும் 'மெலித்தல்' என்பது வல்லெழுத்து மெல்லெழுத்தாவதே. ஆனால் அவ்வகையில் மகரம் வகரம்போல் ஒலிக்கிறது, பகரம் (p) குரல்நாண் அதிர்வாகிய குரலொலி பெற்று b ஆகிறது, குரலொலியுள்ள ககரமோ (g) அறவே கெடுகிறது. எனவே அதனை 'நெகிழ்திரிபு' என்போம். மெலித்தலுக்கு உண்மையில் உரியது மூக்கொலி வகை: தலையைக் குறிக்கும் 'பென்', 'என்' என்னும் பொருளுடைய 'வ' என்ற சொல்லின்பின் 'வ மென்' என்றாகிறது; மகரத்தோடு சிறிது மூச்சும் கலந்து வரும். இதனை 'மெலிதிரிபு' எனலாம். மூன்றாவதை 'மூச்சொலித் திரிபு' என்பது பழைய பெயரைப் பின்பற்றுவதாகும். அவள் தலை 'இ ஃபென்' ஆகும்போது கேட்பது உரசொலியே என்பதால், 'உரசுதிரிபு' என்பதே எனக்கு நேர்மையாகப் படுகிறது.

எடுத்துக்காட்டுகளில் ஒரு கவனம் வேண்டும். நெகிழ்திரிபில் 'பென்' என்பதன் பகரம் குரலொலி பெறுவதை நம் எழுத்து காட்டாது. ஆகவே மகரம் வகரமாகும் சொற்களையே முதலில் தருவது நல்லது.