நோக்கியா என்810-க்கு நல்ல பேட்டரி சென்னையில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன நோக்கியா என்810 ஒன்று என்னிடம் இருக்கிறது. 2007இல் வந்த இன்டர்நெட் டேப்லெட், சிம் கிடையாது, வைஃபை மட்டும்தான். திரையை மேலே தள்ளினால் அடியிலிருந்து குட்டி விசைப்பலகை வரும், அதற்காகவே இதை விட மனசு வரவில்லை.

இப்போது பேட்டரி உப்பிவிட்டது. பின்மூடி மூடவில்லை, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன், பயந்துபோய் நேற்று கழற்றிவிட்டேன். பிபி-4எல் பேட்டரி, இ71, இ63 போன்களுக்கும் அதேதான். ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கியதில் 1500 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது, ஆனால் பாட்டு கேட்டால் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. நம்பி வாங்கக்கூடிய கடை யாருக்காவது தெரியுமா?

அப்புறம் இன்னொன்று. புது ரவுட்டர் மாட்டியதிலிருந்து வைஃபை பிடிக்க மாட்டேன் என்கிறது. இதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும் என்பதால் அதைத் தனிப் பெயரில் பிரித்து, டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையை நிறுத்தி, பழைய டபிள்யூபிஏ2-வும் வைத்துப் பார்த்தேன், பெயர் தெரிகிறது, கடவுச்சொல் போட்டதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதிலுள்ள பழைய பி/ஜி வகை வைஃபைக்கு ரவுட்டரில் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

இன்றைய இணையதளங்கள் பாதிக்கு மேல் இதில் திறக்காது என்று தெரியும், வானொலி கேட்டால் போதும். "புதுசு வாங்குங்க" என்பவர்கள் தயவுசெய்து தாண்டிப் போங்கள். மயிலாப்பூர் பக்கம் யாராவது இருந்தால் நேரிலேயே எடுத்து வருகிறேன், காபி என் செலவு.