பாகம் மாறியது, பழுது மாறவில்லை: காரின் மின்கோளாறும் டீலர் சர்வீஸும்

இன்ஜினில் பழுது என்றால் சத்தம் வரும், புகை வரும், ஆயில் ஒழுகும். மின்கோளாறுக்கு அந்த நாணயம் கிடையாது. வீட்டில் இருக்கும்வரை உயிரை வாங்கும், சர்வீஸ் சென்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். என் வண்டியில் வந்ததும் இந்த ரகம்தான். வாரன்டி முடியாத வண்டி, அதனால் வெளியே எங்கும் காட்டாமல் டீலரிடமே போய்க்கொண்டிருந்தேன்.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் கொஞ்சம் மந்தமாகச் சுற்றும். இன்ஜின் பிடித்தவுடன் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் அமைப்பு), ஏர்பேக், ஸ்டீயரிங் விளக்குகள் மொத்தமாக எரியும். சில நாட்களில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். அணைத்து மறுபடி கிளப்பினால் எல்லாம் சரியாகிவிடும். மழை பெய்து ஈரம் இருக்கும் காலைகளில் தொல்லை அதிகம், வெயிலில் நின்ற வண்டியில் அறவே இல்லை.

முதலில் பேட்டரி என்றார்கள். பேட்டரிக்கு வாரன்டிக் காலம் தனி, அது முடிந்துவிட்டது என்று சொல்லி என் செலவில் புதிது போட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதை. அடுத்து, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள், அதிலும் தீரவில்லை. அதற்கடுத்த முறை, "ஸ்கேனர்ல இப்போ எரர் எதுவும் வரலை சார், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ஏபிஎஸ் மாட்யூலை (அதற்கான கம்ப்யூட்டரை) மாற்றிப் பார்க்கலாம், ஆனால் நீங்கள் வெளியே மியூசிக் சிஸ்டம் போட்டிருப்பதால் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும் என்றார் அட்வைசர் (வாடிக்கையாளரிடம் பேசி வண்டியை வாங்கும் சர்வீஸ் ஊழியர்). அந்த மியூசிக் சிஸ்டத்துக்கும் காலை ஈரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதில் இல்லை.

அங்கிருந்துதான் நானும் முறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர்களைப் படிப்பதற்கான சாக்கெட்) செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்றும், சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் போதுமாக இருந்தன. நல்ல 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும் (இப்போதைய வண்டிகளில் சார்ஜைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைப்பதால் இது ஏறி இறங்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்). என் பேட்டரி முனையில் எல்லா அளவும் ஒழுங்காக இருந்தன. ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு இக்னிஷனை மட்டும் போட்டு, ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் ஓடவிட்டால், பேட்டரி முனையில் இருப்பதைவிட ஓபிடி கருவியில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைவாகக் காட்டியது. நடுவில் எங்கோ மின்னழுத்தம் காணாமல் போகிறது என்று அர்த்தம்.

காலையில் கிளப்பும் காட்சியை வீடியோ எடுத்தேன். டேஷ்போர்டு விளக்குகள், வெளி வெப்பநிலை, கருவியில் விழும் வோல்டேஜ் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி. அதைக் கொண்டுபோய் அட்வைசரிடம் காட்டி, வண்டியை ஓர் இரவு அங்கேயே திறந்த வெளியில் நிறுத்துங்கள், காலையில் டெக்னீஷியன் கையால் முதல் ஸ்டார்ட் நடக்கட்டும், அதுவரை யாரும் சாவியைத் தொட வேண்டாம் என்று கேட்டேன். ஜாப் கார்டிலும் (வண்டியின் புகாரையும் வேலையையும் எழுதும் தாள்) அதை எழுதச் சொன்னேன். அட்வைசர் தயங்கினார். உள்ளே இருந்த மூத்த டெக்னீஷியன் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நான் பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். அவரிடம் நேராகப் பேச முடிந்த பிறகுதான் எல்லாம் மாறியது. அதற்கு முன்னால் நான் சொன்ன "ஈரமான காலை" என்ற விஷயம் ஜாப் கார்டில் "வார்னிங் லைட் வருகிறது" என்று சுருங்கித்தான் உள்ளே போயிருக்கிறது.

மறுநாள் அவர் செய்தது சின்ன சோதனை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டிலேயே வைத்தார். மேலே பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்கவில்லை, ஈயப் போஸ்டில். இன்னொரு முனை பாடியின் வெறும் உலோகத்தில். ஸ்டார்ட் செய்யும்போது அந்த இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட் அளவுக்குத்தான் இருக்க வேண்டும், அரை வோல்ட் என்றாலே சந்தேகப்பட வேண்டும். என் வண்டியில் ஒன்றரை வோல்ட்டை ஒட்டிக் காட்டியது.

மின்சாரம் போவதற்கு வழி இருந்தால் போதாது, திரும்பிவரவும் வழி வேண்டும். காரில் அந்தத் திரும்பும் வழி பாடியும், அதைப் பேட்டரியோடு இணைக்கும் எர்த் கேபிளும். என் வண்டியில் அந்தக் கேபிளின் முனையில் லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக வளையத்தை) அழுத்திப் பிடித்திருக்கும் கிரிம்புக்குள் அரிப்பால் பச்சை பூத்திருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை இருந்ததால் வெளியே தெரியவில்லை. ஸ்டார்ட்டர் இழுப்பது 150 ஆம்பியர் அளவுக்கு என்று வையுங்கள். கிரிம்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால்கூட ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். இந்த 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பகுதியில் வைத்துப் பார்த்தால் தெரியாது, மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. அதனால்தான் கேபிளை எடுத்து "கன்டினியூட்டி இருக்கிறது" (இணைப்பு அறுபடவில்லை) என்று சொல்வது பயனில்லாத சோதனை. லோடு கொடுத்து வோல்ட் டிராப், அதாவது வழியில் எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. பேட்டரி டெஸ்டரைப் பேட்டரி முனைகளில் மாட்டினார்கள், பழுதான கேபிள் அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. புதுப் பேட்டரி போட்டபோது கேபிளை அசைத்ததாலும், பேட்டரி தெம்பாக இருந்ததாலும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தது. குளிர்ந்த இன்ஜினைச் சுற்ற அதிக மின்சாரம் வேண்டும், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர்களுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் மிகவும் கீழே விழுந்து, ஒவ்வொன்றும் மற்றதைக் காணோம் என்று புகார் எழுதிவைத்தன. இரண்டாவது முறை இன்ஜின் இலகுவாகச் சுற்றும், பிரச்சினை வராது. கேபிளை மட்டும் மாற்றினார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒரு விளக்கும் எரியவில்லை.

*

நான் வேறொருவர், என் கதையும் வேறு. வண்டி இரண்டு மூன்று நாள் நின்றாலே பேட்டரி இறங்கிவிடும். டீலரிடம் போன உடனே டேஷ்கேமைக் காட்டி, "இதுதான் மேடம் காரணம், வெளியே வயரிங் தொட்டால் வாரன்டி வராது" என்றார்கள். நான் வாதாடவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே டேஷ்கேமையும் அதன் வயரையும் மொத்தமாகக் கழற்றித் தரச் சொல்லி, "டேஷ்கேம் நீக்கப்பட்டது, பேட்டரி முழு சார்ஜ்" என்று ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமும் பேட்டரி இறங்கியபோது அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது.

நிற்கும் வண்டி எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கேட்டால், பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். என் வண்டியில் 600. ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-மணிக்கு (Ah) மேல். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டே நாளில் கிட்டத்தட்ட பாதி போய்விடும், மூன்றாம் நாள் கிளம்புமா என்பது சந்தேகம்தான். ஒன்று முக்கியம்: பூட்டிய உடனே அளந்தால் தப்பான எண்தான் வரும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம், சில வண்டிகளில் அதற்கு மேலும் ஆகும். பானெட்டின் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எந்த சர்க்யூட் என்று பார்க்க ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். அதில் ஒரு சிக்கல், பிடுங்கிச் செருகும்போது தூங்கிய மாட்யூல் விழித்துக்கொள்ளும், அல்லது மாட்டிக்கொண்டிருந்தது ரீசெட் ஆகி நல்ல பிள்ளையாகிவிடும். ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டால் போதும். மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டும் சின்ன எண் வரும். அப்படிப் போய் நின்ற இடம் பாடி கன்ட்ரோல் மாட்யூலின் (கதவு, லாக், விளக்குகளைக் கவனிக்கும் கம்ப்யூட்டரின்) ஃபியூஸ். டிக்கி லாக்குக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச், கதவு மூடியும் திறந்தே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் வண்டி தூங்கவே இல்லை. லாக்கை வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அளவெல்லாம் எழுதிக் கொண்டுபோன பிறகும், "வீட்டில் சாரைப் பேசச் சொல்லுங்க" என்றார் அட்வைசர். வண்டி என்னுடையது, அளந்தது நான், பேசுவதும் நான்தான் என்று சொன்னேன். சர்வீஸ் மேனேஜருக்கு அன்றே மின்னஞ்சலும் அனுப்பினேன். எழுத்தில் போனதற்கு எழுத்தில் பதில் வந்தது.

*

நான் டீலர் ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். மேலே இருப்பவர்கள் பட்ட பாட்டுக்கு உள்ளே இருக்கும் காரணத்தைச் சொல்கிறேன், நியாயப்படுத்துவதற்காக இல்லை.

வாரன்டி வேலைக்குக் கம்பெனி டீலருக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒவ்வொரு வேலைக்கும் நிர்ணயித்த நேரக்கணக்குப்படிதான். ஆல்டர்னேட்டர் மாற்ற இவ்வளவு நேரம் என்று அட்டவணை இருக்கும். எப்போதோ வரும் கோளாறைத் தேடி அரை நாள் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குப் பணம் வருமா என்பது நிச்சயமில்லை. எரர் கோடு (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுது எண்) இல்லாவிட்டால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். அதனால் கோடு சொல்லும் பாகத்தை மாற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகும் பழக்கம் வந்துவிடுகிறது. ஆனால் கோடு சொல்வது பாகத்தை அல்ல, அறிகுறியைத்தான். யு0100 என்று வந்தால் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்தது என்று அர்த்தம், இன்ஜின் கம்ப்யூட்டர் கெட்டது என்று அர்த்தமில்லை. கூடவே பி0562, அதாவது வோல்டேஜ் குறைவு என்பதும் பல மாட்யூல்களில் பதிவாகியிருந்தால், நான் முதலில் போவது பேட்டரி கேபிள்களுக்கும் எர்த் போல்ட்டுகளுக்கும்தான்.

கேன் லைனில் (கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடி) சந்தேகம் இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே தடையைப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் நடுவில் கேட்வே (தகவலைப் பிரித்து அனுப்பும் கம்ப்யூட்டர்) இருப்பதால் இந்தச் சாக்கெட்டில் முழுப் படம் தெரியாது, அந்த வண்டியின் வயரிங் டயகிராம் இல்லாமல் முடிவுக்கு வர வேண்டாம்.

என் கையில் வந்தவற்றில் திரும்பத் திரும்பப் பார்த்த இடங்கள் சில உண்டு. கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் வயர், திறந்து மூடி உள்ளே அறுந்திருக்கும், மேல்தோல் நன்றாக இருக்கும். டிக்கி கதவிலும் அதே. சன்ரூஃப் வடிகால் அடைத்து, தண்ணீர் தூண் வழியாக இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) தேங்கியிருக்கும். அப்படி ஒரு வண்டியில் கண்ணாடிகள் தானாக இறங்குகின்றன என்று கதவு சுவிட்சை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். கார்பெட்டைத் தூக்கினால் பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கப்ளரை மாற்றி, வடிகாலைச் சுத்தம் செய்த பிறகுதான் நின்றது. எலி கடித்த வயர் தனிக் கதை.

வண்டி கொடுக்கும்போது எரர் கோடுகளை நீங்களே அழித்துவிட்டு வராதீர்கள். அந்தக் கோடு விழுந்த நொடியில் இன்ஜின் வேகம், வெப்பநிலை போன்றவை ஃப்ரீஸ் ஃபிரேம் என்று கூடவே பதிவாகியிருக்கும். எங்களுக்கு அது பெரிய துப்பு, அழித்தால் அதுவும் போய்விடும். அதேபோல் உங்கள் மாடலுக்குக் கம்பெனி டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் (தெரிந்த கோளாறுகளுக்கு ஒர்க்‌ஷாப்புகளுக்கு அனுப்பும் குறிப்பு) எதுவும் விட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சேஸிஸ் நம்பரைப் போட்டால் அட்வைசர் திரையிலேயே தெரியும். கேட்டால்தான் தேடுவார்கள்.

*

முதலில் எழுதியவன்தான். ஒன்று விட்டுப்போனது. கேபிள் மாற்றிய பிறகு அந்த டெக்னீஷியன் கண்டுபிடித்ததை ஜாப் கார்டில் அப்படியே எழுதச் சொன்னேன்: எர்த் கேபிள் கிரிம்பில் அரிப்பு, ஸ்டார்ட் செய்யும்போது இவ்வளவு வோல்ட் டிராப். "செக் செய்து சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு வரியையும், முதலில் பேட்டரி மாற்றிய பில்லையும் சேர்த்து வைத்து, தேவையில்லாமல் மாற்றிய பேட்டரிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று எழுதினேன். கழற்றிய பழைய பேட்டரியை நான் அப்போதே கேட்டு வாங்கி வைத்திருந்தேன், அதை வெளியே டெஸ்ட் செய்த முடிவையும் இணைத்தேன். டீலர் முதலில் மறுத்தார். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அதே கடிதம் போன பிறகு பேட்டரிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், லேபரைக் கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.