நியூயார்க் சிறார் துன்புறுத்தல் பதிவேடு: பழைய பதிவு வேலைக்குத் தடையாகுமா?

கேள்வி (குயின்ஸ்வாசி):
என் உறவுக்காரப் பெண் ஒருவர் ஏழு வயது மகனை வீட்டில் தனியே விட்டுவிட்டு இரவுப் பணிக்குச் சென்றார் என்று புகார் எழுந்து, 2012இல் நியூயார்க் மாநிலப் பதிவேட்டில் 'புறக்கணிப்பு' வகையில் அவர் பெயர் ஏறியது. நீதிமன்ற வழக்கு எதுவும் இல்லை. இப்போது குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார். சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள்; காப்பகத்துக்கு இது தெரியவருமா?

பதில் 1 (வழக்குமன்றம்):
2020இல் நிறைவேறி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, புறக்கணிப்புப் பதிவுகள் எட்டு ஆண்டுகளுக்குப் பின் வேலைக்கான சரிபார்ப்பில் தெரிவிக்கப்படுவதில்லை. முன்பெல்லாம் பதிவிலுள்ள கடைசிக் குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைந்து, அதன்பின் மேலும் பத்து ஆண்டுகள் கழியும்வரை அது தொடரும். கைக்குழந்தையின் தாய் என்றால் ஏறத்தாழ 28 ஆண்டுகள்!

என் பார்வையில் அதைவிடப் பெரிய மாற்றம் சான்றின் அளவைப் பற்றியது. முன்பு, எதிர்த்தரப்புச் சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும், புகாரை ஆதரிக்கும் நம்பத்தக்க சான்று ஏதோ கொஞ்சம் இருந்தாலே பெயர் ஏறிவிடும். இப்போது இரு பக்கத்தையும் எடைபோட்டு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால்தான் ஏற்ற முடியும்.

பதில் 2 (பழையஏடு):
இந்த மாற்றம் மிகவும் தாமதமாகத்தான் வந்தது. பதினொரு வயது மகளை அறைந்ததாகப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட ஒரு தாய், குழந்தைப் பராமரிப்பு வேலைக்குப் போக முடியாமல் தொடுத்த வால்மான்டே வழக்கில், பழைய நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994லேயே கூறிவிட்டது. பெயரை நீக்கக் கோரியவர்களில் கிட்டத்தட்ட 75 விழுக்காட்டினர் இறுதியில் வென்றதையே அம்முறையின் பழுதுக்கு அடையாளமாக நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். அதன்பின் மேல்முறையீட்டு விசாரணையில் அளவுகோல் உயர்ந்தது; பெயரை ஏற்றும் முதல் கட்டத்தில் உயர 2022 ஆயிற்று. கலிபோர்னியாவோ, உறுதிசெய்யப்படாத புகார்களை மாநிலப் பட்டியலில் சேர்ப்பதை 2012இலேயே நிறுத்திவிட்டது.

பதில் 3 (அல்பனிக்காரர்):
மேலே சொன்னவை சரியே. ஆனால் பதிவு அழிந்துவிட்டதாக அவர் எண்ணிவிடக் கூடாது. வேலை தருபவருக்குத்தான் அது மறைக்கப்படும்; புதிய புகார் வந்தால், சிறார் பாதுகாப்பு அலுவலர் பழையதையும் பார்ப்பார். துன்புறுத்தல் வகைப் பதிவுகளுக்கு இந்த எட்டாண்டுச் சலுகையும் கிடையாது. குழந்தையை அடித்துக் காயப்படுத்தியவரையும் இரவுப் பணிக்குப் போன தாயையும் ஒரே தட்டில் வைக்காததில் எனக்கு உடன்பாடுதான். ஆகையால், விண்ணப்பிப்பதற்கு முன் அல்பனியிலுள்ள பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதித் தன் பதிவின் நகலைப் பெற்று, அது எந்த வகையில் இருக்கிறது என்பதை அவர் உறுதிசெய்துகொள்ளட்டும்.