மறு: மரத்தில் தொங்கி வேட்டையாடுவோர் கட்டும் கச்சை – ‘மரச்சேணம்’ சரியா?

> ட்ரீ சேடில் = மரச்சேணம். எளிதாக இருக்கிறதே, வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா.

மரச்சேணம் என்றதும் மரத்தால் செய்த சேணம்தான் கண்ணில் தெரிகிறது. மரக்குதிரை, மரப்பாச்சி வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும். அதோடு, சேணம் என்றால் ஏறி உட்காருவது. இங்கே மிச்சிகனில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதன்மேல் ஏறுவதில்லை. இதை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தில் தொங்குகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி, கொல்லையில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கிப் பார்த்தேன். அகலமான துணிப்பட்டை பின்புறத்தைத் தாங்குகிறது, தொடைக்கு இரண்டு வார். இடுப்பின் இரு பக்கத்துக் கண்ணிகளையும் இணைத்து வயிற்றுக்கு முன்னால் ஒரு குறுங்கயிறு. மரத்தைச் சுற்றித் தலை உயரத்தில் கட்டிய கயிற்றில் புரூசிக் முடிச்சு (எடை ஏறினால் இறுகி, தளர்ந்தால் நகரும் முடிச்சு), அதிலிருந்து காராபினர் என்ற உலோகக் கொக்கி வளையம், காராபினரில் அந்தக் குறுங்கயிறு. பாதத்துக்குச் சின்னதாய் ஒரு தட்டு. பின்னால் சாய்ந்தேன். சேலைத் தூளியில் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. ஆகவே என் முன்மொழிவு: தூளிக்கச்சை.

> பாதுகாப்புக் கச்சை என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், தப்பாகப் புரியும். விழுந்தால் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுவார்கள். இது விறைப்பான கயிற்றில் சாய்ந்திருக்கச் செய்த பொருள். கயிற்றில் தொய்வு விட்டு 60 செ.மீ. விழுந்து, கயிறு 10 செ.மீ. நீண்டு நிறுத்துகிறது என்று வையுங்கள்: உடல் எடையைப்போல் சராசரியாக 7 மடங்கு இழுப்பு. 80 கிலோ ஆளுக்கு 560 கிலோ! தோள்வார் வேறு கிடையாது, தலைகீழாகக் கவிழவும் வாய்ப்பு உண்டு. வேட்டைக்காரர்கள் ‘கயிறு தொய்யக் கூடாது, தலைக்குக் கீழே இறங்கக் கூடாது’ என்று ஓயாமல் சொல்வது இதனால்தான்.

விழாமல் காப்பதற்குப் போன மடலில் வந்த ‘விழுதடுப்பு’ என்ற சொல் வேண்டாம், ஆலமரத்து விழுதுதான் நினைவுக்கு வருகிறது. அது போக, இரண்டு வேறு செயல்களை அந்த ஒரே சொல் மூடிவிடுகிறது. விழவே விடாமல் வைப்பதற்கு ‘வீழ்தடை’, விழுந்தவரை நடுவில் பிடித்து நிறுத்துவதற்கு ‘வீழ்பிடி’ என்று பிரிக்கலாம். தூளிக்கச்சை முதல் வகை.

பனையேறிகளின் ‘தளை’யை எடுத்துக்கொள்ளலாம் என்றீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் தளை காலுக்கு உரியது, மரம் ஏற உதவுவது. இதற்குச் சேராது.

கயிறுகளுக்கு வருவோம். மரத்தைச் சுற்றித் தலை உயரத்தில் கட்டுவது தொங்குகயிறு. வயிற்றுக்கு முன்னால் இருப்பதற்கு இடைக்கயிறு. இடுப்பு, நடு என இரண்டு பொருளும் பொருந்துகின்றன. ‘பிரிட்ஜ்’ என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்து அதைப் ‘பாலம்’ ஆக்கிவிட வேண்டாம்.

ஏறும்போது மரத்தோடு உடலை வளைத்துக் கட்டும் கயிறு ஒன்று மிச்சம். மின்கம்பத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. ஏறி இறங்கும்போதும், தட்டுக்கு மாறும்போதும் பிடிமானம் இதுதான். நடுவில் கிளை குறுக்கிட்டால் இன்னொன்றை மேலே கட்டிய பிறகே கீழே இருப்பதை அவிழ்க்க வேண்டும். அதற்கு ‘அணைகயிறு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மரத்தை அணைப்பதால். நீர் அணை குறுக்கே வந்து குழப்புமா? ‘வளைகயிறு’ என்றால் கயிறே வளைந்துகொடுப்பதுபோல் தொனிக்கிறது. கம்பம் ஏறியவர்கள் குழுவில் யாராவது இருந்தால், உங்கள் வாயில் புழங்கும் சொல்லை எழுதுங்கள். அது இருந்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.