கடற்காப்பகமும் மீன்பிடித் தொழிலோரும்: ‘முன்னுசாவல்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழுமத்தாருக்கும் சேலத்திலிருந்து வணக்கம்.

கடலில் ஒரு பகுதியைக் காப்பகமாக அறிவிக்குமுன் மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களோடு அரசு பேசும் நடைமுறைக்கு, நம் கலைச்சொல் தொகுப்பில் ‘பங்குதாரர் கலந்தாய்வு’ என்ற தொடரை ஐயா முன்மொழிந்திருக்கிறீர்கள். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு; ‘முன்னுசாவல்’, அதாவது முன்கூட்டியே கேட்டறிதல், என்பது பொருந்தும் என்று எண்ணுகிறேன். பங்குதாரர் என்றால் நிறுவனத்தில் முதல் போட்டவர் என்றே படிப்பவர் கொள்வார். கலந்தாய்வு என்ற சொல்லையோ கல்லூரிச் சேர்க்கை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டது.

எஞ்சுவது கருத்துக்கேட்பு. வழக்கில் ஊன்றிய நல்ல சொல்தான். ஆனால் அது வரைவு தயாரான பின்னர் நடக்கும் கூட்டத்தையே சுட்டுகிறது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக 2018இல் இம்மாவட்டத்து வயல்களில் அளவுக்கல் நட்டதைப் பார்த்தவர்களுக்கு, கல் வரப்புக்கு வந்த பிறகு சொல்லும் கருத்துக்கும் கோடு எங்கே போகலாம் என்று யோசிக்கும்போதே சொல்லும் கருத்துக்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை.

கடலில் அந்தத் தூரம் இன்னும் அதிகம். அறிவிக்கை எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகையில் சொல்கிறது. நாட்டுப்படகுக்காரரோ கோயில் கோபுரத்தையும் பனையையும் நேர்வைத்து, எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று அறிகிறார். ஒரு பாரை மூடினால் அங்கே வலைவிட்டவர் அடுத்த ஊரார் தொழில் செய்யும் இடத்துக்குத்தான் போவார். டீசல் செலவும் வலைச் சண்டையும் கூடவே போகும். ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகள் எங்கே, எந்த மாதத்தில் அங்கே வலை விரிக்கிறார்கள் என்பதையும் அவர்களிடம்தான் கேட்டறிய முடியும். இவையெல்லாம் கோடு போடுமுன் தேவைப்படும் செய்திகள்.

நம் சட்டத்தின் வாசகத்தையும் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவு, கடற்பரப்பைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது கடல் வரைபடங்களுக்குப் பொறுப்பான கடற்படையின் தலைமை நீர்ப்பரப்பு வரைவாளரைக் கலந்தாலோசித்து எல்லையை முடிவுசெய்யச் சொல்கிறது. உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறதே தவிர, அவர்களைக் கலந்தாலோசிக்கச் சொல்லவில்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 36ஏ பிரிவில்தான் உள்ளூர்ச் சமூகங்களோடு கலந்தாலோசித்த பின்பே காப்பகம் அறிவிக்க வேண்டும் என்று வருகிறது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டினது. பாக் விரிகுடாவில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்பசுக் காப்பகம் 2022ஆம் ஆண்டினது. இரண்டுக்கும் இடையில் சட்டம் நகர்ந்த தொலைவை நம் சொல்லும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டுக் கடல், கடலோரச் சட்டத்துக்குப் பின், மீனவர்களும் அமர்ந்த வட்டாரக் குழுக்கள் முதலில் 127 இடங்களைக் கடற்காப்பகமாக்கப் பரிந்துரைத்தன. அதன்பின் அரசு பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, 2013இல் 27 இடங்களை மட்டும் அறிவித்தது. இந்த இரு கட்டங்களுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் செய்தியே குழம்பிவிடும். ஆகவே முந்தையதற்கு ‘முன்னுசாவல்’ என்றும், பிந்தையதற்குக் ‘கருத்துக்கேட்பு’ என்றும் வைத்துக்கொள்ளலாம். உசாவுதலில் கேட்டறிதலும் கலந்து எண்ணுதலும் சேர்ந்தே இருக்கின்றன. உசாத்துணை (மேற்கோள் நூல்) என்ற சொல் ஈழத்து நூலகங்களில் இன்றும் புழங்குவதால், மன்னார் வளைகுடாவின் இரு கரையினருக்கும் இது அந்நியமாக இராது.

யாரிடம் உசாவுவது என்பதிலும் கவனம் வேண்டும். ‘மீன்பிடித் தொழில்துறை’ என்று எழுதினால் விசைப்படகுச் சங்கங்களே கண்முன் வரும். கரைவலை இழுப்போரும், தீவுகளை ஒட்டி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களும் விடுபட்டுப்போவார்கள். படகு இல்லாத அந்தப் பெண்கள் ‘மீனவர்’ என்ற சொல்லிலும் பெரும்பாலும் அடங்குவதில்லை. எனவே ‘மீன்பிடித் தொழிலோர்’ என்பதை எடுத்துக்கொண்டு, பாசி எடுப்போரும் இதில் அடங்குவர் என்று விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.

பதிவு இப்படி அமையலாம்: “மீன்பிடித் தொழிலோர் முன்னுசாவல்: கடற்காப்பக எல்லையை வரைவதற்கு முன், அக்கடலில் தொழில் செய்வோரிடம் இடம், பருவம், தொழில்முறை ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவர்களோடு கூடி எல்லையைப் பற்றிச் சிந்திக்கும் நடைமுறை.”

ஊர்க்கூட்டத்தில் இதற்கு வேறு சொல் புழங்குகிறதா என்பதைத் தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து உறுப்பினர்கள் தெரிவித்தால், முன்னுசாவலை விட்டு அதையே ஏற்றுக்கொள்ளவும் எனக்கு உடன்பாடே.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்