போதை மீட்பு ஆலோசகர் படிப்பு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பி.காம். முடித்து 9 வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வயது 31. போன வருடம் அண்ணனை ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தோம். முதல் நாலு நாள் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் காபியை மடியிலேயே கொட்டிக்கொண்டார். மருந்தில் நடுக்கம் அடங்கியது, ஆனால் ஆளை மீட்டது அப்புறம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஆலோசகர்தான், அவரும் ஒரு காலத்தில் குடித்தவராம். அன்றிலிருந்து எனக்கும் இந்த வேலைக்கே போக வேண்டும் என்று ஒரே யோசனை.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க எந்தப் பட்டமும் போதும், மருத்துவம் மற்றும் மனநலப் பிரிவை எடு என்கிறார்கள். எம்.எஸ்சி. உளவியல் என்றால் சில கல்லூரிகளில் இளங்கலையிலும் உளவியல் படித்திருக்க வேண்டுமாம். வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது (வீட்டுக் கடன்!), அஞ்சல் வழியில் படித்தால் மையங்களில் மதிப்பார்களா? களப்பணிக்கு எங்கே போவது?

சென்னையில் போதை மீட்பு சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனையிலோ பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் போதை சிகிச்சை மையத்திலோ பயிற்சி எடுத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? சம்பளம் ஆரம்பத்தில் எவ்வளவு வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், வீட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.